மயக்க மருந்தும் நம்ம பொட்டியும்

பொட்டி தட்டுற மக்களே, இது நம்ம ஏரியா சரித்திரம்தான்.

1934-ல் வந்த தையோபென்டால், ஊசி போட்ட அரை நிமிஷத்துல தூங்க வெச்சிடும். ஆனா விடாம ஏத்தினா கொழுப்புல போய்த் தங்கிடும். ஆபரேஷன் முடிஞ்சும் ஆள் எழுந்திரிக்க மாட்டார். அப்போ எந்த வேகத்துல ஏத்துறது, எப்படிக் குறைச்சிக்கிட்டே வர்றது? 1968-ல் க்ரூகர்-தீமர்ங்கிற ஜெர்மன்காரர் இதுக்குக் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கைப் போட்டு பம்ப்பை ஓட்ட, 1980-கள்ல கம்ப்யூட்டர் வந்துச்சு. சீக்கிரம் தெளியற புரொபோஃபாலும் (பால் மாதிரி வெள்ளையா இருக்கும்) 1986-ல் வந்து சேர்ந்துச்சு.

1996-ல் டிப்ரிஃப்யூசர். வயசு, எடை, ரத்தத்துல வேண்டிய அளவு, மூணையும் டாக்டர் கொடுத்தா போதும். வேகத்தை அதுவே மாத்திக்கும். வயித்தைக் கலக்குற விஷயம் என்னன்னா, அது ரத்தத்தை அளந்து பார்க்கிறதே இல்ல! எல்லாம் ஃபார்முலா போடுற அனுமானம். நம்ம புரோகிராம் சொதப்பினா ரீஸ்டார்ட் பண்ணிட்டு டீ குடிக்கப் போவோம். அங்க டாக்டர் நாடியையும் பிரஷரையும் பார்த்துக்கிட்டு, நகராம நிக்கிறார்.