அம்பகமுவையின் எல்லைகளும் எண்ணிக்கையும்

ஊரின் எல்லையை ஆறும் மலையும் வகுக்கின்றன என்பது நாம் பள்ளியிற் படித்த பாடம். மலையகத்தைப் பொறுத்தவரை அதனை வகுத்தவை நெல்வயலும் நிலவுறுதியுமே எனல் பொருந்தும். ஹற்றன், டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை ஆகியவற்றைத் தன்னகத்தே கொண்டிருந்த அம்பகமுவப் பிரதேசம் இதற்குத் தக்க சான்றாகும்.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது நுவரெலியா மாவட்டத்தில் ஐந்து பிரதேச செயலகங்களும் 491 கிராம உத்தியோகத்தர் பிரிவுகளும் இருந்தன. ஹங்குராங்கெத்தையில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 88 ஆயிரம். அவர்களுக்குப் பிரிவுகள் 131. அம்பகமுவையில் வாழ்ந்தோர் 2 இலட்சத்து 5 ஆயிரத்துக்கும் மேல். அவர்களுக்கோ 67 பிரிவுகளே. அங்கு ஒரு பிரிவில் எழுநூறு பேருக்கும் குறைவு. இங்கு மூவாயிரத்துக்கும் மேல். ஒரே கச்சேரியின் ஆளுகைக்குட்பட்ட இரு பிரதேசங்களிடையே இத்துணை வேறுபாடு எங்ஙனம் நேர்ந்தது?

விடை கடந்த நூற்றாண்டுகளில் உள்ளது. அம்பகமுவை ஆளரவமற்ற காடாக மட்டும் இருந்ததன்று. சிவனொளிபாத மலை யாத்திரிகரின் பொருட்டு முதலாம் விஜயபாகு மன்னன் பொறித்த கல்வெட்டு அங்கேயே உள்ளது. எனினும் ஹங்குராங்கெத்த, வலப்பனைப் பகுதிகளைப்போல வயல் சூழ்ந்த பழங்கிராமங்கள் அங்கு நெருங்கியிருக்கவில்லை. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உரித்து நிறுவப்படாத காட்டு நிலங்களை முடிக்குரியனவாகக் கொண்டது. அவை கோப்பித் தோட்டங்களாகவும், பின்னர் தேயிலைத் தோட்டங்களாகவும் மாறின. கிராமத் தலைவரின் அதிகாரம் கிராமத்தோடு நின்றது. தோட்டத்தின் எல்லைக் கல்லுக்கு அப்பால் துரையின் ஆட்சியே நிலவியது. 1963 இல் கிராமத் தலைவர் முறை ஒழிந்து கிராம சேவகர் முறை வந்தபோதும், பழைய கிராம எல்லைகளே பெரும்பாலும் அடிப்படையாயின. லயங்களில் வாழ்ந்தோரின் தொகை அவ்வெல்லைகளை அசைக்கவில்லை.

இம்மக்கள் எண்ணப்படவில்லை என்பதன்று குறை. எண்ணுதல் தோட்டத்தில் நாள்தோறும் நிகழ்ந்தது: காலையிற் பெரட்டு, மாலையிற் கொழுந்து நிறுவை, மாதமுடிவிற் செக்ரோல். அரசும் எண்ணியது, 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு முதல் 'இந்தியத் தமிழர்' எனத் தனி நிரலே வகுத்தது. எந்த நோக்கத்துக்காக எண்ணினார்கள் என்பதே கேட்கத்தக்க வினா. 1947 இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. 1948, 1949 ஆம் ஆண்டுச் சட்டங்கள் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தபின், 1952 இல் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை. ஆயினும் 1959 ஆம் ஆண்டுத் தொகுதி நிர்ணயத்தில் நாடற்றோரும் சனத்தொகையிற் சேர்க்கப்பட்டனர். தொகுதிகளைப் பெருக்க அவர்களது தலைகள் பயன்பட்டன, வாக்களித்தவர் பிறர். இதனைவிடக் கூரிய நகைச்சுவையை நாடகாசிரியரும் புனைதல் அரிது.

1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை எண்களாகவே பங்கிட்டது: இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம், எஞ்சிய ஒன்றரை இலட்சம் பிற்பாடு சரிபாதியாக. குடியுரிமைச் சிக்கல் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்துடன் பெருமளவு தீர்ந்தது. எல்லைச் சிக்கல் அத்துடன் தீரவில்லை. 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக இருந்தது. 2018 இலேயே அது திருத்தப்பட்டது. அதுவரை தோட்டத்தார் சபைக்கு வாக்களிக்கலாம், சபையோ அவர்களது பாதைக்கு ஒரு கூடைக் கல்லும் கொட்ட இயலாது.

நுவரெலியா, அம்பகமுவப் பிரதேச சபைகள் இரண்டும் 2018 ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன் ஆறாக்கப்பட்டன. 2019 இல் மாவட்டத்தின் பிரதேச செயலகங்களைப் பத்தாக்கவும் தீர்மானிக்கப்பட்டது. நோர்வூட்டும் தலவாக்கலையும் புதியனவற்றுள் அடங்கும். வரவேற்கத்தக்கனவே. ஆனால் செயலகத்தை இரண்டாக்குவதனால் மட்டும் ஓர் உத்தியோகத்தரின் பொறுப்பிலுள்ள மூவாயிரம் பேர் குறைந்துவிடார். பிரிவுக்கு இவ்வளவு என அரசு நிதி ஒதுக்கும்போதெல்லாம், அம்பகமுவையில் ஒருவருக்குச் சேரும் பங்கு ஹங்குராங்கெத்தையில் ஒருவருக்குச் சேர்வதன் நாலிலொன்றையும் எட்டாது. கிராம உத்தியோகத்தர் பிரிவுகளை மீள வகுக்க முனைவோர் புதிய கோடுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. மேற்கணக்கு, கீழ்க்கணக்கு எனத் தோட்டத்து மக்கள் தலைமுறைகளாக வழங்கிவரும் எல்லைகள் அங்கு முன்னமே உள்ளன.