பருவத்தைத் தள்ளிப்போடலாமா?

2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு திருமணப் பதிவு வழக்கில் தீர்ப்பளித்தது. மணமகள் ஒரு திருநங்கை என்பதால் தூத்துக்குடியில் நடந்த அத்திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்திருந்தனர். இந்து திருமணச் சட்டத்தில் வரும் ‘மணமகள்’ என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் தீர்ப்பில் கூறினார். ஆனால் தீர்ப்பு அத்துடன் நிற்கவில்லை. ஆண் என்றோ பெண் என்றோ தெளிவாகப் பிரித்துச் சொல்ல இயலாத உடலமைப்புடன் பிறக்கும் குழந்தைகளுக்கு, ஏதேனும் ஒரு பாலுக்கு ஏற்றவாறு உறுப்பை மாற்றியமைக்கும் அறுவை மருத்துவம் செய்வதை அரசு தடுக்க வேண்டும் என்றும் அது ஆணையிட்டது. பெற்றோரின் சம்மதத்தைக் குழந்தையின் சம்மதமாகக் கொள்ள முடியாது என்பது நீதிபதி காட்டிய காரணம். மதுரையைச் சேர்ந்த கோபி சங்கரின் ‘மறைக்கப்பட்ட பக்கங்கள்’ என்னும் நூலும் தீர்ப்பில் குறிப்பிடப்பட்டது.

அதே ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள் தமிழக அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை 355-ஆம் எண் அரசாணையை வெளியிட்டது. உயிருக்கு ஆபத்து உள்ள நிலை தவிர, மற்ற நேரங்களில் இத்தகைய அறுவை கூடாது. ஆபத்து உண்டா இல்லையா என்பதையும் ஒரு குழு முடிவு செய்யும். இந்தியாவில் இப்படியொரு தடையைக் கொண்டுவந்த முதல் மாநிலம் தமிழ்நாடே. உலகில் மால்டா என்னும் சிறு தீவு நாடு 2015-இல் நமக்கு வழிகாட்டியிருந்தது.

குறையோடு பிறந்த குழந்தையைச் சரிப்படுத்துவதை ஏன் தடுக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை காண, பால் என்பது எப்படி அமைகிறது என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

கருவின் முதல் ஆறு வாரங்களில் ஆண், பெண் என்ற வேற்றுமை உறுப்பளவில் தோன்றுவதில்லை. இரண்டிற்கும் பொதுவான மூல உறுப்புகளே இருக்கின்றன. ஒய் குரோமோசோமில் உள்ள ஒரு ஜீன் (1990-இல் கண்டுபிடிக்கப்பட்ட இதற்கு எஸ்.ஆர்.ஒய். என்று பெயர்) வேலை செய்யத் தொடங்கினால் விரைகள் உருவாகும், அவை சுரக்கும் ஹார்மோன்களால் மற்ற ஆண் உறுப்புகள் அமையும். இல்லையேல் பெண் உறுப்புகள் வளரும். இவ்வளவு நீண்ட சங்கிலியில் ஏதேனும் ஒரு கண்ணி வேறுபடலாம் அல்லவா? எக்ஸ்ஒய் குரோமோசோம்கள் இருந்தும் உடலின் செல்கள் ஆண் ஹார்மோனை உணராமற் போனால் குழந்தை பெண்ணின் தோற்றத்துடனேயே பிறக்கும். எக்ஸ்எக்ஸ் குரோமோசோம்கள் உள்ள கருவில், ஒரு நொதியின் குறைவால், அட்ரீனல் சுரப்பி ஆண் ஹார்மோனை மிகுதியாகச் சுரந்தால் பிறப்புறுப்பு இடைப்பட்ட தோற்றம் பெறும். இந்த இரண்டாம் வகைக் குழந்தைகளில் பலருக்கு உடலிலுள்ள உப்பு வெளியேறி உயிர் போகும் நிலையும் வரும். உடனே மருந்து கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் அங்கு தேவைப்படுவது மருந்து, கத்தி அன்று. தோற்றத்தை மாற்றும் அறுவையைப் பத்து ஆண்டு கழித்துச் செய்தாலும் உயிருக்குக் கேடில்லை.

பிறகு ஏன் மருத்துவர்கள் அவசரப்பட்டார்கள்? அதற்கு ஒரு கொள்கை காரணமாயிற்று. 1950-களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் மணி என்னும் உளவியலார், தான் ஆணா பெண்ணா என்னும் உணர்வு பிறக்கும்போது இருப்பதில்லை, வளர்ப்பினால் வருவதே என்று கருதினார். ஏறக்குறைய முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் உடலை ஒருபுறமாகத் திருத்தி, அதற்கேற்ப வளர்த்துவிட்டால் போதும் என்பது அவர் முடிவு.

கனடா நாட்டின் வினிபெக் நகரில் 1965-இல் பிறந்த இரட்டையர்களில் ஒருவர் டேவிட் ரைமர். எந்தக் குறையும் இல்லாத ஆண் குழந்தை. எட்டு மாதத்தில், மின்சாரத்தால் சுட்டு அறுக்கும் கருவியைக் கொண்டு சுன்னத்துச் செய்தபோது ஆணுறுப்பு கருகிவிட்டது. மணியின் அறிவுரைப்படி 1967-இல் விரைகளை நீக்கி, பெண் பெயரிட்டு, பெண்ணாகவே வளர்த்தார்கள். உருவொத்த இரட்டையர் ஒருவர் பக்கத்திலேயே ஆணாக வளர்ந்துகொண்டிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு ஏது? 1972-இல் வந்த தம் நூலில் மணி இதைப் பெரும் வெற்றி என்று எழுதினார். பாடநூல்களும் அதை ஏற்றன. உண்மை வேறு. அந்தக் குழந்தை ஒரு நாளும் பெண்ணாக வாழ ஒப்பவில்லை. பதினான்கு வயதில் நடந்ததைத் தந்தை சொல்லக் கேட்டபின் ஆணாக வாழத் தொடங்கினார். ஹவாய்ப் பல்கலைக்கழகத்து மில்டன் டயமண்ட், மனநல மருத்துவர் கீத் சிக்மண்ட்சன் ஆகியோர் 1997-இல் இதை வெளிப்படுத்தினர். ரைமர் 2004-இல், 38-ஆம் வயதில், தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். ஒரே ஒருவரைப் பற்றிய, அதுவும் சரிபார்க்கப்படாத ஒரு செய்தி, பல ஆண்டுக் காலம் உலகெங்கும் குழந்தைகளின் மேல் கத்தி வைக்கக் காரணமாக இருந்தது.

இனி இரண்டாவது விஷயத்துக்கு வருவோம். இது பிறப்புறுப்பில் வேறுபாடு உள்ள குழந்தைகளைப் பற்றியதன்று. உடலில் எந்த ஐயமும் இல்லாத, ஆனால் ‘நான் பையன் அல்ல’ என்றோ ‘பெண் அல்ல’ என்றோ தாமே சொல்லுகின்ற வளரிளம் பருவத்தினரைப் பற்றியது. பலர் இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

நம் கொங்கு நாட்டில் பெண் பெரியவளானால் மாமன் சீர் கொண்டுவருவார், உறவு கூடும். அதனால் பருவமடைதல் ஏதோ ஒரு நாளில் நடப்பது போன்ற எண்ணம் நமக்கு உண்டு. உண்மையில் அது பல ஆண்டுகள் நடக்கும் வேலை. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதாலமஸ் ஒரு ஹார்மோனை அனுப்பி, பிட்யூட்டரிச் சுரப்பியை எழுப்புகிறது. இந்த ஹார்மோனைக் கண்டறிந்த ஷாலி, கில்லெமின் ஆகிய இருவருக்கும் 1977-இல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. மறுபாதி பெற்றவர் ரோசலின் யாலோ. அவர் இயற்பியலில் பட்டம் பெற்றவர். இரத்தத்திலுள்ள மிகமிகச் சிறிய அளவு ஹார்மோனையும் கதிரியக்கத்தைக் கொண்டு அளக்கும் முறையை உருவாக்கியவர். (எங்கள் துறைக்காரர் ஒருவருக்கு மருத்துவ நோபல் கிடைத்ததைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை.)

அடுத்த ஆண்டு, அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் நோபில் குழுவினர் ரீசஸ் குரங்குகளில் ஒரு விந்தையைக் கண்டனர். இந்த ஹார்மோனை மணிக்கு ஒருமுறை விட்டுவிட்டுச் செலுத்தினால் பிட்யூட்டரி நன்றாக வேலை செய்கிறது. இடைவிடாமல் செலுத்தினாலோ அது அடங்கிப் போகிறது! ஆடி நோன்பிக்குக் கட்டும் தூரியை நினைத்துக்கொள்ளுங்கள். காலம் பார்த்துத் தள்ளினால் தூரி மேலே மேலே போகும். கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் ஒரு பக்கம் சாய்ந்து அப்படியே நின்றுவிடும். உடலில் நடப்பது முழுக்க இதுவன்று. ஓயாத செய்தியால் பிட்யூட்டரியின் செல்கள் அதை உணரும் ஆற்றலை இழந்துவிடுகின்றன. ஆனால் துடிப்பு முக்கியம் என்பதற்கு இந்த உவமை போதும்.

ஹார்மோனை ஒத்த, ஆனால் நெடுநேரம் நிலைக்கும் மருந்து கிடைத்தவுடன் பருவத்தையே நிறுத்தி வைக்க வழி பிறந்தது. 1981-இல், ஐந்தாறு வயதிலேயே பூப்பெய்திவிடும் குழந்தைகளுக்கு இது பயன்பட்டது. மருந்தை நிறுத்தினால் பருவம் மீண்டும் தொடங்கியது. 1990-களில் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் இதே மருந்தைத் தங்களிடம் வந்த திருநர் இளைஞர்களுக்குக் கொடுத்துப் பார்த்தனர். 12 வயதில் பருவத்தை நிறுத்தும் மருந்து, 16-இல் ஹார்மோன், 18-க்குப் பின்னரே அறுவை என்னும் அவர்கள் முறை 2006-இல் வெளியாயிற்று. மருந்து பெற்ற 70 பேரைப் பற்றிய அவர்களுடைய 2011-ஆம் ஆண்டுக் கட்டுரை நல்ல விளைவுகளைக் காட்டியது. முறை பல நாடுகளுக்குப் பரவியது.

கூட்டமும் பெருகியது. இங்கிலாந்தில் இதற்கென இருந்த ஒரே மருத்துவ நிலையத்துக்கு 2011-12-இல் அனுப்பப்பட்டவர்கள் 250 பேருக்குச் சற்றுக் குறைவு. 2021-22-இல் 5,000-க்கு மேல். ஆம்ஸ்டர்டாமில் நன்கு ஆராய்ந்து தேர்ந்தெடுத்த சிலரிடம் கண்ட பயன், இவ்வளவு பேருக்கும் பொருந்துமா? குழந்தை மருத்துவர் ஹிலாரி காஸ் தலைமையில் நடந்த ஆய்வின் அறிக்கை 2024 ஏப்ரலில் வந்தது. இதுவரை வந்துள்ள ஆராய்ச்சிகள் தரத்தில் மிகவும் பலவீனமானவை என்றது அது. அவ்வாண்டே, ஆராய்ச்சிக்கு வெளியே திருநர் சிறுவர்களுக்குப் புதிதாக இம்மருந்தைத் தருவதை இங்கிலாந்து நிறுத்தியது. பின்லாந்தும் சுவீடனும் முன்பே கட்டுப்பாடு விதித்திருந்தன. அமெரிக்காவின் குழந்தை மருத்துவர் சங்கமோ 2023-இல் இச்சிகிச்சைக்கான தன் ஆதரவை மறுபடியும் உறுதி செய்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மருத்துவச் சங்கங்களின் 2025-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய்ந்து தரலாம் என்றது.

ஒரே எண்ணை இரு சாராரும் எப்படிப் படிக்கிறார்கள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மருந்தைத் தொடங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் அடுத்துக் ஹார்மோனுக்கும் செல்கிறார்கள். ‘சரியானவர்களைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்பதற்கு இது சான்று’ என்கிறார்கள் ஒரு சாரார். ‘சிந்திக்க அவகாசம் தரும் மருந்து என்றீர்களே, அது ஒரே வழியில் அல்லவா கொண்டுபோய் விடுகிறது’ என்கிறார்கள் மறுசாரார். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வழக்கைத் தீர்க்க இயலாது. மருந்து பெறாத ஒத்த குழுவுடன் ஒப்பிட்டால்தான் தெரியும். அத்தகைய ஆய்வுகள் மிக அரிது.

2025 ஜூன் 18-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டென்னசி மாநிலத்தின் தடைச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. அச்சட்டம் திருநர் சிறுவர்களுக்கு இம்மருந்தை மறுக்கிறது. ஆனால் ‘பிறவிக் குறைபாடு’ என்றால் மருத்துவம் செய்ய விடுகிறது. மதுரைத் தீர்ப்பையும் இதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பேசத் தெரியாத குழந்தையின் மேல் செய்வதைத் தமிழ்நாடு தடுத்தது. அங்கோ, தானே வந்து கேட்கும் பிள்ளைக்குத் தருவது தடுக்கப்பட்டது.

இரண்டிலும் ‘குழந்தை வளரட்டும், பொறுத்திருப்போம்’ என்பதே சொல்லப்படும் நியாயம். ஆனால் பொறுத்திருத்தல் இரண்டு இடத்திலும் ஒன்றாகாது. கைக்குழந்தையின் அறுவையைத் தள்ளிப்போட்டால் எந்த வழியும் அடைபடுவதில்லை. பின்னால் செய்துகொள்ளலாம், செய்யாமலும் விடலாம். பருவமோ நமக்காகக் காத்திருப்பதில்லை. உடைந்த குரல் மீண்டும் இளங்குரல் ஆகாது. அகன்ற தோளெலும்பு குறுகாது. இயற்பியலில் மீளா நிகழ்வு என்போமே, அது போன்றது. ஒன்றும் செய்யாமலிருப்பதும் அங்கே ஒரு செயலாகிவிடுகிறது. மருந்து கொடுப்பதும் இலவசமாக வரும் நிறுத்தம் அன்று. எலும்பில் சுண்ணச் சத்து வேகமாகச் சேரும் ஆண்டுகள் அவை. முன்கூட்டிப் பூப்பெய்திய ஆறு வயதுக் குழந்தைக்கு மருந்தை நிறுத்தினால் உரிய வயதில் பருவம் வரும். பதினாறு வயது வரை நிறுத்தி வைப்பது அதே கணக்கு அன்று. ஆகவே கைக்குழந்தை விஷயத்தில் மதுரைத் தீர்ப்பு சரியானது என்று எனக்கு ஐயமின்றித் தோன்றுகிறது. மற்றதில் அவ்வளவு உறுதியாக இப்புறமோ அப்புறமோ பேசுகிறவர்களை, இன்று கையிலிருக்கும் சான்றுகளைக் கொண்டு என்னால் நம்ப முடியவில்லை.

இந்த மருந்துச் சண்டை நம் ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோரை எட்டவே இல்லை. நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்த எழுத்தாளர் ஏ. ரேவதி ‘வெள்ளை மொழி’ என்னும் தன்வரலாற்றில் எழுதியிருப்பதைப் படித்தால் இது விளங்கும். பள்ளிப் பருவத்தில் அவர் கண்டது மருத்துவரை அல்ல, கேலியையும் அடியையும். பதின்ம வயதில் வீட்டைவிட்டு ஓடினார். 2008-இல் தமிழக அரசு திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் அவர்களுடைய அடையாள உரிமையை ஏற்றது. 2019-இல் வந்த மத்தியச் சட்டமோ, பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரோ காப்பாளரோதான் அடையாளச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றது. அடிக்கும் கையே விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டும் என்றால் பிள்ளை என்ன செய்யும்?

2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இத்தகையோரை மருத்துவத்தால் ‘மாற்ற’ முயல்வதைத் தடை செய்யுமாறு ஆணையிட்டார். அதே ஆண்டு தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு, திருநர் மாணவர்களைப் பள்ளியில் எவ்வாறு நடத்துவது என்று ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டது. கழிப்பறை, சீருடை ஆகியவை பற்றியெல்லாம் அதில் இருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே அது வலைத்தளத்திலிருந்து எடுக்கப்பட்டது. பின்னர் உயர் நீதிமன்றம் அதற்காக வருத்தம் தெரிவித்தது.