அதோ, அப்பா வருகிறார் (ஓவியம்)

அதோ, அப்பா வருகிறார் என்பது இராஜா ரவி வர்மா (1848–1906) 1893-இல் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம். ஓவியரின் மூத்த மகள் மகாபிரபாவும், அவர் கையில் ஏந்திய மகன் மார்த்தாண்ட வர்மாவும் இதில் உள்ளனர். இது திருவனந்தபுரம் கவடியார் அரண்மனைச் சேகரிப்பைச் சேர்ந்தது.

காட்சி

நின்றுகொண்டிருக்கும் தாய், வரும் தந்தையைக் குழந்தைக்குச் சுட்டிக்காட்டுகிறார். உடன் ஒரு நாயும் நிற்கிறது. தந்தை ஓவியத்தில் இல்லை. தாய் காட்டும் திசையும் தலைப்பும்தான் அவர் வருகையைச் சொல்கின்றன. அரசர்களுக்காக ரவி வர்மா தீட்டிய உருவப்படங்களில் பட்டும் பதக்கமும் முன்னிற்கும். இங்கு முன்னிற்பது வீட்டில் அன்றாடம் நிகழும் ஒரு கணம். பேரனை அருகிலிருந்து பார்த்த தாத்தாவின் கனிவு இதில் தெரிகிறது.

குடும்பப் பின்புலம்

திருவிதாங்கூர் அரச குடும்பத்திலும் நாயர்களிடையிலும் மருமக்கள்தாயம் நிலவியது. அம்முறையில் பிள்ளைகள் தாயின் குடும்பத்துக்கு உரியவர்கள். ரவி வர்மா கிளிமானூரைச் சேர்ந்தவர். மனைவி பாகீரதி பாயும் பிள்ளைகளும் மாவேலிக்கரை அரண்மனையினர். ஆக, பேரனும் மாவேலிக்கரைக்கே உரியவன். தந்தையின் வரவுக்காகத் தாயும் சேயும் காத்திருப்பதை ஓவியப் பொருளாக்கியது, இந்தப் பின்புலத்தில்தான் தனிக் கவனம் பெறுகிறது. தாய், தந்தை, குழந்தை என்ற சிறு குடும்பத்தின் மீது வளர்ந்துவந்த விருப்பத்தை ஆய்வாளர்கள் இதில் காண்கின்றனர்.

பிற்காலம்

1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு ரவி வர்மா அனுப்பிய பத்து ஓவியங்களுள் இதுவும் ஒன்று. அங்கு அவர் படைப்புகள் பரிசு பெற்றன.

குழந்தையின் தங்கை சேது லட்சுமி பாய் 1895-இல் பிறந்தார். 1900-இல் திருவிதாங்கூர் அரச குடும்பம் அவரைத் தத்தெடுத்தது. 1924 முதல் 1931 வரை அவர் அரசப் பிரதிநிதியாக ஆண்டார். 1925-இல், அவர் ஆட்சியில் வந்த நாயர் சட்டம் தாய்வழிக் கூட்டுச் சொத்தைத் தனித்தனிப் பங்குகளாகப் பிரிக்க வழிசெய்தது. தந்தையின் சொத்தில் பிள்ளைகளின் உரிமையையும் உறுதிப்படுத்தியது. ஓவியத்தில் சட்டகத்துக்கு வெளியே நின்ற தந்தை, 32 ஆண்டுகளுக்குப் பின் நாயர் குடும்பங்களில் சட்டப்படி உள்ளே வந்தார்.