திரை நீக்கும் மருத்துவம்

மூப்பின் அடையாளங்களைக் கூறுமிடத்து 'நரை, திரை' என இரண்டையும் இணைத்தே கூறுவது தமிழ் மரபு. நரை மயிரைப் பற்றியது. திரை தோலைப் பற்றியது. கடலில் எழும் அலைக்கும் திரை என்றே பெயர். தோலில் விழும் மடிப்பிலே தமிழர் அலையைக் கண்டனர். அரபு மொழியிலோ அதற்குத் 'தஜாஈத்' என்பது பெயர். சுருண்ட மயிரைக் குறிக்கும் 'ஜஅத்' என்னும் சொல்லின் வேரிலிருந்து பிறந்தது அது. ஒரு மொழி அலையைக் கண்டது. மற்றொன்று சுருளைக் கண்டது. இரண்டுமே அதனை மறைக்கவும் நீக்கவும் மருந்து தேடின.

நரையை மறைக்க மருதோன்றி உண்டு. தொங்கும் கன்னத்தையும், கண்மேல் கவியும் இமையையும், தளர்ந்த தாடையையும் நிமிர்த்துவது அத்துணை எளிதன்று. எனினும், 'அறுவை வேண்டா, தையல் வேண்டா, ஒரு மணி நேரத்தில் முகம் இளமை பெறும்' என்னும் விளம்பரங்கள் இன்று மாநகரங்களைக் கடந்து சிற்றூர்களையும் எட்டிவிட்டன. இவ்வாசை புதியதன்று. கத்தியின்றி முகத்தைத் திருத்தும் முயற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாறு ஓர் உண்மையைத் திரும்பத் திரும்பக் கற்பிக்கிறது: கத்தியை விலக்கியவர்கள் காயத்தை விலக்கிவிடவில்லை.

ஏலாக்குறிச்சியின் மண்

கத்திக்கு மாற்றாக மண்ணை நாடிய மரபுக்குத் தமிழகத்திலேயே ஒரு சான்று உண்டு. கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ளது ஏலாக்குறிச்சி. இதற்குத் திருக்காவலூர் என்றும் பெயர். இத்தாலி நாட்டில் 1680இல் பிறந்து, தமிழகம் வந்து, தேம்பாவணியும் சதுரகராதியும் செய்த வீரமாமுனிவர் தங்கிப் பணியாற்றிய ஊர் இது. திருக்காவலூர்க் கலம்பகம் இவ்வூரின் பெயரால் அவர் இயற்றியதே.

அரியலூரை ஆண்ட மழவராயருக்கு இராஜபிளவை கண்டபோது முனிவர் மூலிகை கொண்டு மருத்துவம் பார்த்தார் என்றும், அது பலிக்காமற்போகவே இறைவேண்டல் புரிந்து, ஊற்று நீர் நனைத்த சேற்றை எடுத்துப் புண்மீது பூசினார் என்றும், நோய் நீங்கிய மன்னர் நிலக்கொடை அளித்தார் என்றும் அத்தலத்தின் வரலாறு கூறுகிறது. பிளவை என்பது ஆழமாய் வேரோடிப் பல கண்களாய் உடையும் கட்டி. அதனைக் கீறிச் சீழை வெளியேற்றுவதே அறுவை மருத்துவரின் வழி. மண்ணால் ஆறியதாகச் சொல்லப்படும் இந்நிகழ்ச்சி நம்பிக்கையின்பாற்பட்டது. ஆயினும், மண்ணை மருந்தாகக் கருதிய மனப்பாங்கு அக்கால மக்களிடையே வேரூன்றி இருந்தமைக்கு அது சான்றாகும். வாகடத் திரட்டு முதலான மருத்துவ நூல்களும் வீரமாமுனிவர் பெயரால் வழங்குகின்றன.

இவ்விடத்தில் நம் வாசகர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. திருச்சியைக் கைப்பற்றிய சந்தா சாகிபு இம்முனிவரை மதித்து 'இஸ்மத் சந்நியாசி' என்னும் பெயர் அளித்தார் என்று, 1822இல் அவர் வரலாற்றை எழுதிய முத்துச்சாமிப் பிள்ளை குறிப்பிடுகிறார். 'இஸ்மத்' என்னும் அரபுச் சொல்லுக்குத் தூய்மை என்று பொருள் கொள்வர். அதன் வேர்ப்பொருளோ 'காத்தல்' என்பதாகும். காவலூரில் வாழ்ந்தவருக்குக் காவற்பெயரே வாய்த்தது!

சித்த மருத்துவம் புறமருந்துகளை 32 என வகுத்துள்ளது. பற்று, பூச்சு, ஒற்றடம், களிம்பு ஆகிய மென்முறைகளும், கீறல், அறுவை ஆகிய வன்முறைகளும் அவ்வரிசையில் ஒன்றாகவே நிற்கின்றன. சூட்டுக்கோலால் சுடும் சுட்டிகையும், தோலை அரிக்கும் காரமும் அவற்றுள் அடங்கும். கத்தி உள்ளது, கத்தி இல்லாதது என்று நம் மருத்துவர்கள் இரு வேறு உலகங்களைப் படைக்கவில்லை. அனைத்தும் மருத்துவனின் கைக்கருவிகளே என்பது அவர்தம் கருத்து.

ஏலாக்குறிச்சியில் புண்ணுக்குப் பூசப்பட்ட மண், வேறு இடங்களில் முகத்துக்கும் பூசப்பட்டது. வடநாட்டில் முல்தானி மட்டி இன்றும் வழக்கில் உள்ளது. அரபு மருத்துவர்கள் 'தீன் அர்மனீ' எனப்படும் ஆர்மீனியச் செம்மண்ணையும், முத்திரையிட்டு விற்கப்பட்ட 'தீன் மக்தூம்' என்னும் மண்ணையும் மருந்துச் சரக்காகக் கையாண்டனர். களிமண் உலரும்போது சுருங்குகிறது; தன்னோடு தோலையும் இழுக்கிறது. எண்ணெய்ப் பசையை உறிஞ்சிக்கொள்கிறது. ஆதலின் முகம் இறுகியது போன்ற உணர்வு உண்டாகிறது. கழுவிய சிறிது நேரத்தில் தோல் தன் பழைய நிலைக்கே திரும்பிவிடும். தொங்கும் தசையை நிமிர்த்தும் ஆற்றல் மண்ணுக்கு இல்லை. ஆனால், அதனால் விளையும் கேடும் பெரிதன்று.

அழகுக்கு ஓர் அத்தியாயம்

ஏறத்தாழ 3500 ஆண்டுகளுக்கு முற்பட்ட எகிப்தியப் பாப்பிரஸ் சுவடியொன்றில் முகச்சுருக்கத்துக்குக் குந்திரிக்கம், மெழுகு, எண்ணெய் சேர்ந்த பூச்சு கூறப்பட்டுள்ளது. கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸ் இத்துறையில் ஒரு கோடு கிழித்தார். உடலின் இயல்பான அழகைக் காப்பது மருத்துவத்தின் பகுதி. இல்லாத அழகைப் பூச்சினால் இருப்பதாகக் காட்டுவது மருத்துவம் ஆகாது என்பது அவர் வகுத்த பாகுபாடு.

இப்பாகுபாட்டை அறிந்திருந்த முஸ்லிம் மருத்துவ மேதைகள் அழகியலை ஒதுக்கிவிடவில்லை. குர்துபாவில் வாழ்ந்து 1013ஆம் ஆண்டையொட்டி மறைந்த அபுல் காஸிம் அல்-ஸஹ்ராவி, 30 பகுதிகள் கொண்ட தம் 'அத்தஸ்ரீஃப்' நூலில் 19ஆம் பகுதியை நறுமணப் பொருள்களுக்கும் அழகுமருந்துகளுக்கும் ஒதுக்கினார். இப்னு ஸீனா தம் 'அல்-கானூன்' நூலின் நான்காம் பாகத்தில் காய்ச்சல், கட்டி, காயம், எலும்பு முறிவு ஆகியவற்றைக் கூறி, ஆறாவதாக நஞ்சுகளையும் ஏழாவதாக 'ஸீனத்' எனப்படும் அழகியலையும் வைத்தார். நஞ்சுக்கு அடுத்த பக்கத்தில் அழகு! பிற்காலத்தில் நஞ்சே அழகு மருந்தாகும் என்பதை எண்ணி அவர் அவ்வாறு அமைத்திருக்க இயலாது. எனினும், இன்று படிப்போருக்கு அவ்வரிசை வியப்பூட்டவே செய்கிறது.

இமையை உயர்த்திய நாணல்

முகத்தில் தளர்ந்த தோலை உயர்த்தும் முறைகளைத் தெளிவுற எழுதியவர்கள் அழகு நாடியோர் அல்லர், கண் மருத்துவர்களே. இமை தளர்ந்து மயிர் உள்நோக்கி வளைந்தால் அது கண்மணியை உராய்ந்து பார்வையையே கெடுக்கும். ஆதலின் மேலிமைத் தோலைக் குறைத்து இமையை உயர்த்த வேண்டியதாயிற்று. இதற்குத் 'தஷ்மீர்' என்று பெயர். ஆடையை மேலே வரிந்து கட்டுவதைக் குறிக்கும் சொல் அது.

ஸஹ்ராவி இதற்கு நான்கு வழிகளைக் கூறுகிறார். ஒன்று, மிகுதித் தோலை அறுத்துத் தைத்தல். இரண்டு, மையினால் கொழுந்திலை போன்ற வடிவம் வரைந்துகொண்டு, அவ்வெல்லைக்குள் சூட்டுக்கோலால் சுடுதல். மூன்று, சவர்க்காரமும் சுண்ணாம்பும் சேர்ந்த காரமருந்தை வைத்தல். நான்கு, மிகுதித் தோலை மெல்லிய இரு நாணற் சிம்புகளுக்கிடையே இறுகக் கட்டிவிடுதல். இரத்த ஓட்டம் தடைப்பட்ட அத்தோல் சில நாள்களில் கருகி உதிர்ந்துவிடும். இமை உயர்ந்து நிற்கும். பக்தாதின் புகழ்பெற்ற கண் மருத்துவர் அலீ இப்னு ஈஸாவும் தம் 'தத்கிரதுல் கஹ்ஹாலீன்' நூலில் இவ்வாறு இறுக்கிக் கட்டும் முறையை விளக்கியுள்ளார்.

இந்நான்கில் மூன்று, கத்தி படாத முறைகள். ஆனால் அம்மூன்றும் என்ன செய்கின்றன? ஒன்று சுடுகிறது, ஒன்று அரிக்கிறது, ஒன்று தோலைச் சாகச் செய்கிறது. கத்தி இல்லை, காயம் உண்டு. அக்காயத்தை அளந்து செய்யும் கையே மருத்துவனின் கை. சுடுமுன் மையினால் எல்லை வரைந்துகொள்ளும் அந்த ஒரு செயலில் இத்துறையின் அறம் முழுதும் அடங்கியிருக்கிறது.

மெழுகும் நஞ்சும்

ஐரோப்பாவில் இக்கலை புதிய வடிவம் கொண்டபோது எல்லை வரையும் பொறுமை பலரிடம் இல்லாமற்போயிற்று. வியன்னா நகரத்து மருத்துவர் கெர்சுனி 1899இல், உருக்கிய பாரஃபின் மெழுகை ஊசிமூலம் உடலில் செலுத்தும் முறையை அறிமுகப்படுத்தினார். குழிந்த கன்னத்தையும் விழுந்த சுருக்கத்தையும் நிரப்ப அது விரைந்து பரவியது. சில ஆண்டுகளில் மெழுகு இடம்பெயர்ந்தது, கட்டிகளாகத் திரண்டது, புண்ணாகி முகங்களைச் சிதைத்தது. கத்திக்கு அஞ்சி ஊசியை நாடியவர்கள், அம்மெழுகை எடுக்கக் கத்தியிடமே செல்ல நேர்ந்தது.

அடுத்து வந்தது நஞ்சு. கெட்ட இறைச்சியில் பிறக்கும் பொட்டுலினம் நஞ்சை ஜெர்மானிய மருத்துவர் கெர்னர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்து எழுதினார். அதனை உண்டாக்கும் நுண்ணுயிரை 1895இல் பெல்ஜியத்தின் வான் எர்மென்கெம் பிரித்தறிந்தார். நரம்பிலிருந்து தசைக்குக் கட்டளை கொண்டுசெல்லும் அசிட்டைல்கோலின் என்னும் பொருளை இந்நஞ்சு தடுத்துவிடுகிறது, தசை செயலிழக்கிறது. உண்டோரைக் கொல்லும் இந்நஞ்சின் மிகச் சிறு அளவைக் கொண்டு மாறுகண்ணைத் திருத்தலாம் என்று கண்டவர் அமெரிக்கக் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். 1989இல் அந்நாட்டு அரசு மாறுகண்ணுக்கும் இமைத்துடிப்புக்கும் அதனை ஏற்றுக்கொண்டது. கனடாவில் இமைத்துடிப்புக்கு ஊசி போட்டுவந்த கண் மருத்துவர் ஜீன் கரூத்தர்ஸ், நோயாளியின் புருவமத்தியில் சுருக்கம் மறைவதைக் கவனித்தார். தோல் மருத்துவரான தம் கணவருடன் 1992இல் அதனை எழுதி வெளியிட்டார். 2002இல் புருவமத்திச் சுருக்கத்துக்கு அமெரிக்கா ஒப்புதல் வழங்கிற்று.

பக்தாதிலும் குர்துபாவிலும் நிகழ்ந்தது இங்கும் நிகழ்ந்தது என்பது கவனிக்கத்தக்கது. கண்ணைக் காக்கப் பிறந்த முறையே அழகுக்கும் பயன்பட்டது. ஆனால் இம்முறை கண்ணை விட்டு அழகு வெகுதூரம் ஓடிவிட்டது. புருவத்தைக் கீழே இழுக்கும் தசையை நஞ்சு தளர்த்துவதால் புருவம் சற்றே உயர்கிறது. மூன்று நான்கு மாதங்களில் அப்பயன் தீர்ந்துவிடும். அளவோ இடமோ பிசகினால், உயர்த்தப் போன இமையே தொங்கிவிடும். நஞ்சு செலுத்திய இடத்தைக் கடந்து பரவக்கூடும் என்னும் எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் கட்டமிட்டு அச்சிட 2009இல் அமெரிக்க அரசு ஆணையிட்டது.

வெப்பமும் நூலும்

தோல் தொங்குவதற்குக் காரணம் தோல் மட்டுமன்று. தோலைத் தாங்கும் கொல்லாஜன் என்னும் நார்ப்பொருள் குறைகிறது. கன்னக் கொழுப்பு கீழிறங்குகிறது. முகத்தின் எலும்பே தேய்கிறது. இவற்றுள் முதலாவதைச் சீர்செய்யவே இன்றைய கருவிகள் முயல்கின்றன. வானொலி அலையும் கேளா ஒலியும் தோலுக்கடியில் ஏறத்தாழ 60 முதல் 70 பாகை வரை வெப்பம் உண்டாக்குகின்றன. அவ்வெப்பத்தில் கொல்லாஜன் சுருங்குகிறது. சுட்ட இடத்தை ஆற்ற உடல் புதிய கொல்லாஜனைப் படைக்கிறது. இரண்டு மூன்று மாதங்களில் சிறிது இறுக்கம் தெரியும். முன்னது 2002இலும், பின்னது 2009இலும் அமெரிக்க ஒப்புதல் பெற்றன. நுணுகி நோக்கின், ஸஹ்ராவியின் சூட்டுக்கோலே தோலுக்கடியில் புகுந்திருக்கிறது.

1990களின் இறுதியில் ரஷ்ய மருத்துவர் சுலமானித்ஸே முள்ளுள்ள நூல்களைத் தோலுக்கடியில் செலுத்தித் தசையைத் தூக்கி நிறுத்தும் முறையைப் பரப்பினார். இன்று கரையும் நூல்கள் பெரிதும் வழக்கில் உள்ளன. நூல் கரைவது போலவே அதன் பயனும் காலப்போக்கில் கரைந்துவிடும். குழிவை நிரப்ப ஹையலூரானிக் அமிலம் ஊசியாகச் செலுத்தப்படுகிறது. மெழுகைக் காட்டிலும் அது பன்மடங்கு மேலானது. தேவையெனின் கரைக்கவும் இயலும். ஆயினும், தவறி இரத்தக் குழாயில் புகுந்தால் தோல் அழுகுவதும், கண்பார்வையே போவதும் உண்டு. கண்ணைக் காக்கத் தொடங்கிய கலை கண்ணைப் பறிப்பதாக முடியலாமா?

அளவும் நோக்கமும்

குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் பொன்மூக்கு வைத்துக்கொள்ள நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்குவோரையோ கண்டித்தார்கள். இவ்விரண்டையும் வைத்து, பழுதை நீக்குவதையும் படைப்பை மாற்றுவதையும் மார்க்க அறிஞர்கள் வேறுபடுத்தினர். எல்லா நோய்க்கும் மருந்துண்டு. மூப்புக்கு மட்டும் இல்லை என்னும் கருத்துள்ள நபிமொழியும் நாம் அறிந்ததே. இமை கவிந்து பார்வை மறைந்தவர், தீக்காயத்தால் முகம் இழுபட்டவர், பக்கவாதத்தால் கன்னம் சரிந்தவர் ஆகியோர் மருத்துவம் நாடுவது கடமையை ஒத்தது. ஐம்பது வயதின் முகத்தை இருபது வயதாக்க முயல்வது வேறு.

பின்னதையும் விரும்புவோரை ஏசிப் பயனில்லை. இளமை முகத்துக்கே வேலையும் மதிப்பும் தரும் உலகில், குறிப்பாகப் பெண்களை, அவ்விருப்பத்துக்குத் தள்ளியவர்கள் நாமே. அவர்களிடம் கேட்டுக்கொள்ளத்தக்கது ஒன்றே. 'அறுவை இல்லை' என்னும் சொல்லை 'ஆபத்து இல்லை' என்று படிக்காதீர்கள். ஊசி போடுபவர் மருத்துவம் கற்றவரா? செலுத்தும் பொருள் யாது? பிழை நேர்ந்தால் அக்கணமே திருத்த அவரால் இயலுமா? இம்மூன்றுக்கும் விடை கிடைக்காத இடத்தில் முகத்தைக் கொடுப்பது, மையினால் எல்லை வரையாதவன் கையில் சூட்டுக்கோலைக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

வெயிலுக்கு மறைப்பும், புகையிலையைத் துறத்தலும் முகத்தோலை நெடுநாள் காக்கும் வழிகள் என்பதில் இன்றைய மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. அவற்றுக்குக் கத்தியும் வேண்டா, காயமும் வேண்டா. அவற்றையும் கடந்து திரை விழுமாயின் விழட்டும். அந்த முகத்தைக் கண்டு எழுந்து நின்று இடம் கொடுக்கும் சமுதாயத்தில் திரையை நீக்க எவரும் ஊசி தேடி அலையமாட்டார்.