உபதேசியார் இராஜநாயக்கன்

தரங்கம்பாடிக்குச் சுற்றுலா செல்லும் நம் இளைஞர்கள் டேனியக் கோட்டையைக் கண்டு, கடற்கரையில் சற்று உலாவிவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். அவ்வூரில் அச்சான ஒரு நூல், தஞ்சை மன்னரின் படையில் ஊழியம் புரிந்த நம் சமுதாயத்தவர் ஒருவரின் வாழ்வையே மாற்றியமைத்தது என்பதைப் பலர் அறியார்.

1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, மணலில் எழுதிப் பழகும் பிள்ளைகளோடு அமர்ந்து தமிழ் கற்றவர். அவர் மொழிபெயர்த்த நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலருடைய நடபடிகளும் 1714இல் அச்சேறின. மறு ஆண்டில் புதிய ஏற்பாடு முழுமையும் வெளிவந்தது. அக்காலத்தில் நூல் என்றால் பெரும்பாலும் ஓலைச்சுவடிதான். சுவடி இருந்த திண்ணையில் நம் முன்னோர் ஏற இயலாது. அச்சுப் பிரதிக்கோ திண்ணை ஏது, தெரு ஏது? கைமாறிக் கைமாறி அது எங்கும் சென்றது.

அவ்வாறு சென்ற பிரதி ஒன்று 1725 அளவில் இராஜநாயக்கன் கைக்கு வந்து சேர்ந்தது. அவர் பறையர் குலத்தவர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். வேதத்தைத் தாய்மொழியில் தாமே வாசித்த அனுபவம் அவரை ஆட்கொண்டது. தரங்கம்பாடி மிஷனரிகளோடு தொடர்பு கொண்டார். 1728 அளவில் படை ஊழியத்தைத் துறந்து தஞ்சைப் பகுதிக்கு உபதேசியார் ஆனார்.

உபதேசியார் பணி எத்தகையது என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊர் ஊராய் நடப்பது, எழுத்தறியாதவருக்கு வேதம் வாசித்துக் காட்டுவது, ஞானோபதேசம் கற்பிப்பது, நோயுற்றோர் அருகில் அமர்ந்து ஜெபிப்பது ஆகியவையே அவரது நாள்முறை. எங்கள் சேரியிலும் மாலையில் விளக்கேற்றியதும் உபதேசியார் வருவார். கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத என் பாட்டி அவர் வாசிக்கக் கேட்டே பல சங்கீதங்களை மனனம் செய்திருந்தார். அந்த வழக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர் இராஜநாயக்கன். கத்தோலிக்கத் தரப்பிலிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தபோதும் அவர் பின்வாங்கவில்லை.

ஆயினும் அவரை வருத்தியிருக்கக்கூடிய அடி வேறோர் இடத்திலிருந்து வந்தது. 1733இல் சுதேசி ஒருவரைக் குருவானவராக அபிஷேகம் செய்ய மிஷனரிகள் தீர்மானித்தனர். ஆரோன், இராஜநாயக்கன் ஆகிய இருவர் பெயரும் ஆராயப்பட்டன. இராஜநாயக்கனின் பக்தியிலோ உழைப்பிலோ அவர்கள் குறை காணவில்லை. பறையர் ஒருவர் கையிலிருந்து இராப்போஜனம் பெற மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவர் என்றே அஞ்சினர். அவ்வாண்டு டிசம்பர் 28ஆம் நாள் வேளாளரான ஆரோன் அபிஷேகம் பெற்றார். ஆரோன் தகுதியற்றவர் என்று நான் சொல்லவில்லை. அவரும் உண்மையாய் உழைத்தவரே. ஆனால் ஒரே அப்பம், ஒரே பாத்திரம் என்று போதித்தவர்கள், அந்த அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கும் கையின் குலத்தைப் பார்த்தார்கள். மேல்சாதியாரின் தயக்கத்தைத் திருத்துவதைவிட அதற்கு இணங்குவது அவர்களுக்கு எளிதாயிருந்தது.

இராஜநாயக்கன் ஊழியத்தை விட்டுவிடவில்லை. 1771இல் மறையும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, உபதேசியாராகவே இருந்தார். வேதத்தை வாசித்துக் காட்டலாம், விளக்கலாம்; திருப்பந்தியில் நின்று பரிமாறும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை.

திருச்சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழியவேண்டும் என்று கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் 1833இல் கட்டளையிட்டார். தஞ்சையில் அதை ஏற்க மறுத்து மேல்சாதியார் பலர் சபையை விட்டு விலகினர். அப்போது இராஜநாயக்கன் மறைந்து 62 ஆண்டுகள் ஆகியிருந்தன.