பீன்யாவின் வாக்கு: எல்லைகள் மாறிய வரலாறும் நின்றுபோன தேர்தல்களும்

பிருஹத் பெங்களூரு மகாநகர பாலிகேயின் (பெங்களூரு பெருமாநகராட்சியின்) 198 வார்டுகளில் 41ஆவது வார்டுக்குப் ‘பீன்யா தொழிற்பேட்டை’ என்று பெயர் இருந்தது. இந்த வார்டின் மக்கள் இரண்டே முறைதான் மகாநகர பாலிகேக்கு வாக்களித்தார்கள்: 2010 மார்ச் 28 அன்றும் 2015 ஆகஸ்ட் 22 அன்றும். 2010க்கு முன்பும் 2020க்குப் பின்பும் சில ஆண்டுகள் மன்றமே இல்லை. இந்த இடைவெளிகள் தற்செயலானவை என்று தோன்றவில்லை. எல்லையைத் திருத்தும் பேச்சு எழும்போதெல்லாம் பீன்யாவில் தேர்தல் தள்ளிப்போயிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பெங்களூரின் நகராட்சி வரலாறு 1862இல் தொடங்குகிறது. பேட்டைப் பகுதிக்கு ஒன்று, தண்டு (கன்டோன்மென்ட்) பகுதிக்கு ஒன்று எனத் தனித்தனியே இருந்த நிர்வாகங்கள் 1949இல் ஒரே மாநகராட்சியாயின. 50 தொகுதிகள், 70 உறுப்பினர்கள். 1950இல் முதல் தேர்தல். பீன்யா அப்போது துமகூரு சாலையோரச் சிற்றூர். 1970களில் தொழிற்பேட்டை உருவாகிச் சிறு, நடுத்தரத் தொழிற்கூடங்கள் பெருகின. ஹெக்கனஹள்ளி, ராஜகோபாலநகர், சொக்கசந்திரா, டி. தாசரஹள்ளி என்று சுற்றியிருந்த ஊர்கள் தொழிலாளர் குடியிருப்புகளாயின. இந்த வட்டாரத்துக்கு அமைந்த தாசரஹள்ளி நகரசபையின் மக்கள்தொகை 2001 கணக்கெடுப்பில் 2,63,636. தமிழ்நாட்டின் பல மாவட்டத் தலைநகரங்களுக்கு ஒப்பான கூட்டம் அது. ஆனால் பெங்களூரின் வெளிவிளிம்பு என்ற அளவிலேயே அது எண்ணப்பட்டது.

2007 ஜனவரியில் தாசரஹள்ளி உள்ளிட்ட ஏழு நகரசபைகள், கெங்கேரி புரசபை, நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள் ஆகியவற்றைச் சேர்த்து மகாநகர பாலிகே அமைக்கப்பட்டது. சுமார் 226 சதுர கிலோமீட்டர் நகரம் 700ஐத் தாண்டியது. பழைய மாநகராட்சி மன்றத்தின் காலம் 2006 நவம்பரிலேயே முடிந்திருந்தது. இணைப்போடு நகரசபைகளும் மறைந்தன. வார்டுகளை வரையறுத்துத் தேர்தல் நடத்தி 2010 ஏப்ரலில் புதிய மன்றம் கூடும்வரை, மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக, அதிகாரிகளே நகரை நடத்தினார்கள். முதல் இடைவெளி இது.

இணைப்பின் பலன்களாக நல்ல சாலையும் காவிரி நீரும் பேசப்பட்டன. கொடுத்த விலை பேசப்படவில்லை. தாசரஹள்ளி சட்டமன்றத் தொகுதிக்கு எட்டே வார்டுகள் கிடைத்தன. 2011 கணக்குப்படி பாலிகேயின் மக்கள்தொகை 84,43,675. ஒரு கார்ப்பரேட்டருக்கு (வார்டு உறுப்பினருக்கு) சராசரியாக 42,600 பேர். அயர்லாந்தோடு ஒப்பிட்டால் இதன் பொருள் விளங்கும். அங்கே 31 உள்ளாட்சி மன்றங்களில் 949 உறுப்பினர்கள். 2022 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 51.5 லட்சம். ஏறத்தாழ 5,400 பேருக்கு ஓர் உறுப்பினர். அந்நாட்டு வரலாறும் மாசற்றதன்று. டப்ளின் மாநகராட்சியை 1924இல் கலைத்துவிட்டு 1930வரை ஆணையர்களை வைத்தே ஆண்டார்கள். தேர்தல்கள் பின்னரும் பலமுறை தள்ளிப்போடப்பட்டன. 1999இல் அரசியலமைப்பைத் திருத்தி, ஐந்தாண்டுக்குள் உள்ளாட்சித் தேர்தல் நடந்தே தீரவேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள். அதன்பின் 2004 முதல் 2024வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் வாக்குப்பதிவு நடந்தது.

நம் அரசியலமைப்பில் இவ்விதி 1993இலேயே வந்துவிட்டது. 243யு பிரிவின்படி, மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும். ஆனால் 2015 ஏப்ரலில் மாநில அரசு மன்றத்தைக் கலைத்து, பாலிகேயையே பிரிக்கும் மசோதாவையும் கொண்டுவந்தது. நீதிமன்றம் தலையிட்ட பிறகே ஆகஸ்டில் வாக்குப்பதிவு நடந்தது. பாஜக 100, காங்கிரஸ் 76, மதச்சார்பற்ற ஜனதா தளம் 14 இடங்களில் வென்றன. 198இல் 100 பெற்ற கட்சி மேயர் பதவியைப் பெறவில்லை. எம்.எல்.ஏ., எம்.பி., மேலவை உறுப்பினர்களுக்கும் மேயர் தேர்தலில் வாக்கு இருந்ததால் காங்கிரஸ், ஜனதா தளக் கூட்டணி சுயேச்சைகளின் துணையோடு வென்றது. சட்டப்படி சரி. ஆனால் வார்டு மக்களின் தீர்ப்பு அவர்கள் கைக்கு வெளியே திருத்தப்பட்டது என்பதையும் மறுக்க முடியாது.

வேட்பாளரின் நிலையும் இதிலிருந்தே புரியும். கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளர் என்று காட்டும் பி ஃபார்ம் கிடைப்பதில் எம்.எல்.ஏ.வின் சொல்லுக்கு எடை அதிகம். 2015இல் பாதி வார்டுகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. அது பெரிய முன்னேற்றம். என்றாலும் மேயரின் காலம் அப்போது ஓராண்டுதான். குப்பை, சாக்கடை, தெருவிளக்கு என்று அலைந்து பெயரெடுத்த கார்ப்பரேட்டர், அடுத்த தேர்தலே நடக்காதபோது எதைச் சொல்லி வாக்குக் கேட்பார்?

பீன்யாவுக்கே உரிய சிக்கல் இன்னொன்று உண்டு. தொழிற்கூட உரிமையாளர் இங்கே சொத்துவரி கட்டுகிறார். குடியிருப்பு வேறிடத்தில் என்றால் வாக்கும் அங்கேதான். தொழிலாளி இங்கே குடியிருக்கிறார். தமிழ்நாட்டிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்தவர்களில் பலருடைய வாக்கு சொந்த ஊரில். ஒருவர் ஒரே தொகுதியின் பட்டியலில்தான் இருக்கலாம் என்பது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். ஆக, வரி தருபவருக்கும் உழைப்பைத் தருபவருக்கும் வார்டில் குரல் குன்றுகிறது. அயர்லாந்தில் உள்ளாட்சித் தேர்தலுக்குக் குடியுரிமைகூடத் தேவையில்லை, குடியிருந்தால் போதும்.

தொழில்முனைவோர் இதற்குக் கேட்கும் தீர்வு, தனி ஆணையம் நிர்வகிக்கும் தொழில் நகரியம். 243க்யூ பிரிவு அதற்கு இடம் தருகிறது. எலெக்ட்ரானிக் சிட்டிக்கு 2013இல் அப்படியோர் ஆணையம் அமைந்தது. வரிப்பணம் வசூலாகும் இடத்திலேயே செலவாகும் என்பது நியாயமான ஆசை. பீன்யாவின் உடைந்த சாலைகளைப் பார்த்த எவரும் அதைத் தள்ள மாட்டார்கள். இருந்தும் நான் இதை ஏற்கவில்லை. நகரியத்தில் வார்டுத் தேர்தல் கிடையாது. தொழிற்கூடங்களின் வரி உள்ளே நின்றுவிட்டால், அங்கே உழைப்பவர்கள் வாழும் ஹெக்கனஹள்ளிக்கும் ராஜகோபாலநகருக்கும் மிஞ்சுவது என்ன?

இரண்டாம் மன்றம் 2020 செப்டம்பர் 10 அன்று முடிந்தது. வார்டுகளை 243 ஆக்கும் முடிவு தேர்தலை நிறுத்தியது. 198 வார்டுகளின் அடிப்படையிலேயே தேர்தல் நடத்துமாறு கர்நாடக உயர் நீதிமன்றம் டிசம்பர் 4 அன்று ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் டிசம்பர் 18 அன்று அதற்குத் தடை விதித்தது. 2022இல் 243 வார்டுகள். ஆட்சி மாறியதும் 2023இல் 225. ஒன்றிலும் வாக்குப்பதிவு இல்லை. 2025 செப்டம்பரில் பாலிகே ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. அவற்றுக்கு மேல் முதலமைச்சர் தலைமையில் பெருநகர ஆணையம். நவம்பரில் வார்டுகள் 369 ஆயின. வார்டுகள் சிறுத்ததை வரவேற்கிறேன்; 2011 கணக்கில் ஒன்றுக்கு 23,000 பேருக்கும் குறைவு. ஆனால் அந்த ஆண்டு முடியும்வரை ஒரு கார்ப்பரேட்டர்கூடத் தேர்ந்தெடுக்கப்படவில்லை.

பீன்யாவில் குடியிருக்கும் தமிழருக்கு ஒரு வேண்டுகோள். மாநகராட்சித் தேர்தல் சட்டமன்ற வாக்காளர் பட்டியலை ஒட்டியே நடக்கும். ஊரிலுள்ள பெயரை இங்கே மாற்றிக்கொள்ளப் படிவம் 8 போதும். வார்டு எல்லை எத்தனை முறை மாறினாலும், உங்கள் பெயர் பட்டியலில் இருக்கட்டும்.