கிஷி ரயில் நிலையம்: பூனைக்கு முன்பும் பின்பும்

ஜப்பானின் வகயாமா மாகாணத்தில், கினோகவா என்னும் சிறு நகரின் எல்லைக்குள் இருக்கிறது கிஷி. ஒற்றை நடைமேடை கொண்ட இந்த நிலையத்தோடு 14.3 கிலோமீட்டர் நீளமுள்ள கிஷிகவா தடம் முடிந்துவிடுகிறது. மூடப்படவிருந்த தடத்தை ஒரு பூனை காப்பாற்றியது என்பதுதான் இந்நிலையத்தைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் செய்தி. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது பாதி உண்மை என்றே சொல்ல வேண்டும்.

இத்தடம் கோயிலுக்குப் போகிறவர்களை நம்பிப் பிறந்தது. ஹினோகுமா, கமயாமா, இதகிசோ ஆகிய மூன்று ஷிண்டோ கோயில்களையும் ஒரே பயணத்தில் வழிபடுவது அப்பகுதியின் பழைய வழக்கம். அந்தப் பக்தர்களை ஏற்றிச் செல்ல, சான்தோ என்ற சிறு ரயில் நிறுவனம் 1916 பிப்ரவரியில் இதகிசோ வரை வண்டி ஓட்டியது. தடம் கிஷிக்கு நீண்டது 1933 ஆகஸ்டில்தான். போர்க்காலத்திலேயே, 1943-க்குள், முழுத் தடமும் மின்மயமானது. 1961-இல் நான்காய் என்ற பெரிய தனியார் ரயில் நிறுவனத்தின் கைக்குப் போனது.

1974-இல் ஆண்டுக்குச் சுமார் 36 லட்சம் பயணங்கள் நடந்தன. பிறகு வீட்டுக்கு வீடு கார் வந்தது. 2005-இல் எண்ணிக்கை ஏறத்தாழ 19 லட்சம். ஆண்டு நட்டம் 50 கோடி யென் அளவை எட்ட, தடத்தைக் கைவிடும் எண்ணத்தை நான்காய் 2003-இல் வெளியிட்டது.

பூனை வருவதற்கு முன்பே திருப்பம் நடந்துவிட்டது. தடத்தைக் காக்க ஊர் மக்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஆண்டுச் சந்தா 1000 யென் கட்டி 6000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். ரயில் நிலத்தை வாங்கும் செலவை மாகாண அரசு ஏற்றது. பத்து ஆண்டு நட்டத்தை 82 கோடி யென் வரை ஈடுகட்ட உள்ளாட்சிகள் ஒப்புக்கொண்டன. வண்டி ஓட்டும் பொறுப்பு, ஒகயாமா நகரில் டிராம் நடத்தும் நிறுவனம் இதற்கென்றே தொடங்கிய வகயாமா மின் ரயில்வேயிடம் 2006 ஏப்ரல் 1 அன்று சேர்ந்தது. செலவைக் குறைக்க, கிஷியில் ஊழியர் இல்லாமல் போனார்கள்.

இங்கேதான் டாமா வருகிறது. நிலையத்தை ஒட்டிய கடைக்காரர் வளர்த்த மூவண்ணப் பூனை அது. நிலம் பொதுச்சொத்து ஆனதும் பூனைக்குடிலை அகற்ற வேண்டி வந்தது. நிலையத்திலேயே இடம் கொடுங்கள் என்று கடைக்காரர் நிறுவனத் தலைவரிடம் கேட்டார். 2007 ஜனவரி 5 அன்று டாமா தொப்பி அணிந்து ஸ்டேஷன் மாஸ்டர் ஆனது. சம்பளம், பூனைத் தீனி. ஆக, தடத்தைப் பிழைக்கவைத்த அதே நிலக் கைமாற்றம்தான் பூனையையும் நிலையத்துக்குள் கொண்டுவந்தது. கதையைச் சொல்வோர் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள்.

அதற்காகப் பூனையின் பங்கைக் குறைத்துவிடவும் முடியாது. தொலைதூரத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். டாமாவின் முதல் ஓராண்டில் வட்டாரத்துக்குக் கிடைத்த பொருளாதாரப் பயன் 110 கோடி யென் என்று கான்சாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் கட்சுஹிரோ மியாமோதோ கணக்கிட்டார். ரயில் வடிவமைப்பாளர் எய்ஜி மிதோஓகா 2010-இல் நிலையக் கட்டடத்தையே பூனை முகமாக மாற்றினார். கோயில் கூரைகளுக்கு வேயும் ஹினோகி மரப்பட்டைதான் அதற்கும் கூரை; மேலே இரண்டு காதுகள்.

2015 ஜூன் 22 அன்று டாமா இறந்தது. ஷிண்டோ முறைப்படி இறுதிச்சடங்கு நடத்தி, தெய்வமாக்கி, நடைமேடையிலேயே ஒரு சிறு கோயிலும் கட்டினார்கள். மூன்று கோயில்களுக்காகப் போட்ட தடத்தில் நான்காவது! அடுத்த பதவி நிதாமா என்ற பூனைக்குப் போனது. பத்தாண்டு நட்ட ஈட்டு ஏற்பாடு முடிந்த 2016 ஏப்ரலில் பயணக் கட்டணம் உயர்ந்தது.